டெஸ்லா என்னும் குடும்பப்பெயருக்காக வாங்கிய 14 பக்க அறிக்கை: ஒரு மதிப்புரை

பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்தில் ஒரு நீண்ட பலகை உண்டு. மனிதர்களின் பெயரால் அமைந்த அலகுகளை அதில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் கீழும் அந்த மனிதரைப் பற்றி இரண்டு வரிகள் சேர்ப்பது எங்கள் வழக்கம். வோல்ட், ஆம்பியர், ஓம் எல்லாம் முடிந்து, காந்தப் பாய அடர்த்திக்கு 1960-இல் சூட்டப்பட்ட டெஸ்லா என்னும் அலகுக்கு வந்தபோது, ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “ஐயா, டெஸ்லா என்றால் அவர்கள் மொழியில் என்ன பொருள்?” என்று கேட்டாள். கார் நிறுவனத்தின் பெயர் என்பதற்கு மேல் யாருக்கும் விடை தெரியவில்லை. அந்தக் கேள்விக்காகத்தான், குடும்பப்பெயர்களின் தோற்றத்தையும் பரவலையும் ஆய்ந்து தருவதாக விளம்பரம் செய்யும் ஓர் இணையச் சேவையிடம் 1,900 ரூபாய் கட்டி ‘முழுமையான குடும்பப்பெயர் அறிக்கை’ ஒன்றை வாங்கினேன். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இதே சரக்கைப் பல பெயர்களில் பலர் விற்கிறார்கள் என்பதால், பெயரைவிடச் சரக்கின் தன்மையைத் தெரிந்துகொள்வதே வாங்குவோருக்குப் பயன்படும்.

பணம் கட்டிய மூன்றாம் நாள் அறிக்கை மின்னஞ்சலில் வந்துசேர்ந்தது. மொத்தம் 14 பக்கங்கள். முதல் பக்கத்தில் பொன்னிற ஓரம் வைத்த ஒரு குலச்சின்னம். இரண்டாம் பக்கத்தில் ‘வாழ்த்துகள், நீங்கள் ஓர் அரிய ஸ்லாவியக் குடும்பத்தின் வாரிசு’ என்ற வரவேற்பு. என் பெயரில் டெஸ்லா என்ற சொல்லே இல்லை என்பதைப் பதிவுப் படிவத்திலிருந்தே அவர்கள் அறிந்திருக்கலாம். அதற்குப் பின் நான்கு பக்கங்கள் நிகோலா டெஸ்லாவின் வாழ்க்கைக் குறிப்பு: 1856-இல் இன்றைய குரோவேசியாவின் லிகா பகுதியில் உள்ள ஸ்மில்யான் ஊரில் பிறந்தது, 1884-இல் நியூயார்க்கில் வந்திறங்கியது, எடிசனோடு பிணங்கியது என்று எந்தப் பாடநூலிலும் கிடைக்கும் செய்திகள். பெயரின் தோற்றத்துக்கு ஒதுக்கப்பட்டிருப்பது முக்கால் பக்கம், பரவலுக்கு ஒரு பக்கமும் ஒரு வரைபடமும். மீதியெல்லாம் ஸ்லாவியர் யார், ஐரோப்பாவில் குடும்பப்பெயர்கள் எப்படி உருவாயின என்பன போன்ற, எந்தப் பெயருக்கும் ஒட்டிக்கொள்ளக்கூடிய பொதுப் பக்கங்கள்.

நான் காசு கொடுத்தது அந்த முக்கால் பக்கத்துக்குத்தான். அதில், டெஸ்லா என்பது ‘இடைக்காலத்தில் புகழ்பெற்ற ஒரு பிரபுக் குடியின் பெயர்’ என்று மட்டும் எழுதி, பொருளைச் சொல்லாமலே கடந்துவிட்டார்கள். ஐயம் எழுந்ததால், அதே தளத்தில் போலந்துக் குடும்பப்பெயரான செஷ்லாவைத் தட்டி இலவச முன்னோட்டத்தைப் பார்த்தேன். அங்கும் அதே பிரபுக் குடி, எழுத்துக்கு எழுத்து அதே வாக்கியம். செஷ்லா என்றால் போலிஷ் மொழியில் தச்சர். ஊருக்கு ஊர் உளி பிடித்தவர்கள் அத்தனை பேரையும் ஒரே சொடுக்கில் பிரபுக்களாக்கிவிட்டது அந்தத் தளம்.

உண்மையில் இந்தப் பெயரின் சொற்பொருள் மிகத் தெளிவானது. செர்பிய, குரோவேசிய மொழிகளில் ‘டெஸ்லா’ என்பது மரத்தைச் செதுக்கிச் சதுரிக்கும் ஒரு தச்சுக் கருவி. கோடரியின் அலகு காம்பின் போக்கிலேயே நிற்கும். டெஸ்லாவின் அலகோ, மண்வெட்டியைப்போலக் காம்புக்குக் குறுக்கே நிற்கும். நம் தச்சர்கள் இதை வாய்ச்சி என்பார்கள், பேச்சில் வாச்சி. ‘டெசாத்தி’ என்றால் செதுக்குதல். அந்த வினையிலிருந்து பிறந்த கருவிப்பெயரே டெஸ்லா. அதே வேரிலிருந்து போலந்தில் செஷ்லா, உக்ரைனில் தச்சரைக் குறிக்கும் டெஸ்லியா, அதிலிருந்து ‘அவர் வழிவந்தவர்’ என்ற பொருளில் டெஸ்லென்கோ, செக் மொழியில் டெசார்ஷ் என்று ஒரு பெரிய குடும்பமே குடும்பப்பெயர்களாக வாழ்கிறது. கிளை வழக்கமானது, அதில் டெஸ்லா என்ற ஒரு கொம்பு மட்டுந்தான் அரிது.

வேர் இன்னும் ஆழமாகவும் போகிறது. கிரேக்கத்தில் தச்சரைக் குறிக்கும் ‘டெக்டோன்’, இலத்தீனில் நெய்தலைக் குறிக்கும் ‘டெக்ஸெரெ’, சமஸ்கிருதத்தில் செதுக்கி உருவாக்குதலைக் குறிக்கும் ‘தக்ஷ்’ என்னும் வினை, அதிலிருந்து வந்த ‘தக்ஷன்’ என்னும் தச்சர் ஆகிய யாவும் ஒரே இந்தோ-ஐரோப்பிய வேரின் கிளைகள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பேரகராதியான தமிழ் லெக்சிகன் நம்முடைய ‘தச்சன்’ என்ற சொல்லையும் அந்தத் தக்ஷனிடமே கொண்டுபோய் நிறுத்துகிறது. தைத்தல் என்னும் பொருளுள்ள தை என்ற தமிழ் வேரிலிருந்தே தச்சு பிறந்தது என்று வாதிடுவோரும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. லெக்சிகனின் வழியை ஏற்றுக்கொண்டால், பலகையில் எழுதவேண்டிய அந்த அயல்பெயர் நம் தெருவின் தச்சருக்குத் தூரத்துச் சொந்தம் ஆகிறது. 1,900 ரூபாய் அறிக்கையில் இந்த ஒரு வரி இருந்திருந்தால் மற்றவற்றையெல்லாம் மன்னித்திருப்பேன்.

கருவியின் பெயர் மனிதருக்கு எப்படி வந்தது என்பது அடுத்த கேள்வி. தொழிலால் வந்திருக்கலாம், கொல்லர், தச்சர் என்று பெயர் கொள்வது எங்கும் உள்ளதுதான். ஆனால் நிகோலாவை நேரில் அறிந்த ஜான் ஓ'நீல் 1944-இல் வெளியிட்ட வாழ்க்கை வரலாறு, குடும்பத்தில் வழங்கிய வேறொரு கதையையும் சொல்கிறது. அந்தக் குடும்பத்தின் பழைய பெயர் டிராகனிச். அதன் ஒரு கிளையில் ஏறத்தாழ எல்லாருக்கும் முன்பற்கள் பெரியனவாய், அகன்று, வெளியே நீண்டு, வாய்ச்சியின் அலகைப்போல இருந்தனவாம். அதைப் பார்த்து ஊரார் வைத்த பட்டப்பெயரே நிலைத்துவிட்டதாம். எத்துப்பல் உள்ளவரை நம்மூரில் எப்படியெல்லாம் அழைக்கிறார்கள் என்பதை நினைத்தால் இதில் நம்ப முடியாதது எதுவுமில்லை. கேலிப்பெயர் ஒரு தலைமுறை உறைத்து, அடுத்த தலைமுறையில் பழகி, மூன்றாம் தலைமுறையில் பதிவேட்டில் ஏறிவிடுகிறது. இது குடும்பக் கதைதான், ஆவணம் அன்று; ஆயினும் ‘பிரபுக் குடி’ என்பதைவிட ஆயிரம் மடங்கு மேலான கதை. பள்ளிப் பெஞ்சுகளைச் செப்பனிட வந்திருந்த ஆசாரியிடம் அவருடைய பழைய வாய்ச்சியைக் காட்டச் சொன்னேன். சாணை பிடித்துத் தேய்ந்த அந்த அகன்ற அலகைப் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தபோது, எந்தப் பல்லைச் சொன்னார்கள் என்பது உடனே விளங்கியது. ஆசாரியிடம் கதையைச் சொன்னதும், “அப்போ நாங்களும் டெஸ்லாதானே சார்” என்று சிரித்தார்.

பரவலைப் பற்றிய பக்கம் இன்னும் மோசம். உலக வரைபடத்தில் பல நாடுகளுக்குச் சிவப்பு அடித்து, மொத்தம் இத்தனை பேர் என்று கடைசி ஆள்வரை ஓர் எண் தரப்பட்டிருக்கிறது. அந்த எண்ணை இங்கே எழுத எனக்கு மனமில்லை. அது எந்த ஆண்டின் எண், எந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது என்ற குறிப்பே இல்லை. அரிய பெயர் ஒன்றை எண்ணுவதில் உள்ள பொறிகள் எவையும் இந்த அறிக்கைக்குத் தெரியவில்லை. உக்ரேனிய டெஸ்லியாவை ஆங்கில எழுத்துக்கு மாற்றும்போது நடுவிலுள்ள யகரம் சில பதிவுகளில் உதிர்ந்து, டெஸ்லாவாகவே நின்றுவிடுகிறது. வரைபடத்தில் உக்ரைன் அடர்சிவப்பாக இருப்பதற்கு இதுவே காரணமாக இருக்கும் என்று கருதுகிறேன். அந்த மனிதர்கள் வேரளவில் சொந்தம். பெயரளவில் வேறு குடும்பம்.

இரண்டாவது பொறி இலக்கணத்தில் இருக்கிறது. மரம் என்பது மரத்தை, மரத்தின் என்று வேற்றுமை ஏற்கும்போது உருமாறுவதுபோல, செர்பிய, குரோவேசிய மொழிகளில் ஆட்களின் பெயரும் மாறும். பெல்கிரேடில் 1952-இல் நிறுவப்பட்ட அருங்காட்சியகத்தின் பெயர் ‘முஸேய் நிகோலே டெஸ்லே’. நிகோலா டெஸ்லாவின் அருங்காட்சியகம் என்று பொருள். திருமுழுக்குப் பதிவில் தந்தையின் பெயரோடு ‘மிலுதின் டெஸ்லாவின் மகன்’ என்று எழுதும்போதும் கையெழுத்தில் நிற்பது டெஸ்லே என்ற வடிவமே. இலக்கணம் அறியாத இயந்திரம் டெஸ்லே என்பதைத் தனிக் குடும்பப்பெயராக எண்ணிவிடும். என் அறிக்கையின் 11-ஆம் பக்கத்தில் ‘இதன் மாற்று வடிவங்கள்’ என்ற தலைப்பின்கீழ் டெஸ்லே, டெஸ்லி, டெஸ்லு ஆகிய மூன்றும் வெவ்வேறு குடும்பங்களாகவே அச்சிடப்பட்டுள்ளன. ஒரு சொல்லின் மூன்று வேற்றுமைகள் மூன்று குடும்பங்கள் ஆன விந்தையை நான் வேறெங்கும் கண்டதில்லை. இதோடு, லிகாவின் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவத் திருச்சபைப் பதிவுகள், ரஷ்ய மொழிக்கும் வழங்கும் சிரிலிக் எழுத்தில், பழைய ஜூலியன் நாள்காட்டியின்படி எழுதப்பட்டவை. நிகோலாவின் பிறந்தநாள் அவற்றின்படி ஜூன் 28, நம் கணக்கில் ஜூலை 10. நாளை வைத்துத் தேடுவோர் இந்தப் பன்னிரண்டு நாள் இடைவெளியை மனத்தில் வைக்காவிட்டால் வெறுங்கையோடு திரும்புவார்கள்.

இந்தப் பெயர் எங்கே எவ்வளவு இருந்தது என்று நேர்மையாகச் சொல்ல வேண்டுமானால் லிகாவின் வரலாற்றைச் சொல்லாமல் முடியாது. குரோவேசியாவின் மலைப்பாங்கான இந்தப் பகுதி, ஒஸ்மானியத் துருக்கியரை எதிர்க்க ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் அரசு அமைத்த இராணுவ எல்லைப்புறத்தைச் சேர்ந்தது. அங்கே உழவரே படைவீரர். நிலத்துக்கு ஈடாகப் படைச்சேவை. 1881-இல்தான் அந்த ஏற்பாடு முழுவதுமாகக் கலைக்கப்பட்டது. நிகோலாவின் தந்தை மிலுதின் அந்த லிகாவிலேயே ராதூச் என்ற ஊரில் பிறந்த செர்பிய ஆர்த்தடாக்ஸ் பாதிரியார். நிகோலாவின் பாட்டனார் படைவீரர். 1712-இலேயே லிகாவில் குடும்பத் தலைவர்களின் பெயரோடு ஒரு கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. பின்னர் இருபதாம் நூற்றாண்டு அந்த மக்களைச் சிதறடித்தது. இரண்டாம் உலகப் போரில் குரோவேசியாவை ஆண்ட பாசிச உஸ்தாஷா ஆட்சியின் படுகொலைகள், போர் முடிந்ததும் லிகா செர்பியர் பலரைச் செர்பியாவின் வடக்கிலுள்ள வோய்வோடினா சமவெளியில் குடியேற்றிய அரசுத் திட்டம், பிழைப்புக்காக நகரங்களுக்குப் போனவர்கள், கடைசியாக 1991 முதல் 1995 வரை குரோவேசியாவில் நடந்த போரும் அதன் முடிவில் நேர்ந்த செர்பியரின் பெரும் வெளியேற்றமும். ஆகவே லிகாவில் பிறந்த ஒரு பெயரை இன்று லிகாவில் தேடினால் குறைவாகவும், அது பிறக்காத சமவெளியில் தேடினால் மிகுதியாகவும் கிடைக்க வாய்ப்புண்டு. பெயரின் பரவலைச் சொல்ல வந்தவர்கள் ‘எப்போது’ என்று சொல்லியே தீரவேண்டும்.

அதற்கு வழியும் இருக்கிறது. 1948 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு 1976-இல் ஸாக்ரெப் நகரில் குரோவேசியக் குடும்பப்பெயர் அகராதி ஒன்று வெளிவந்தது. 2001 கணக்கெடுப்பை அடிப்படையாகக் கொண்டு, மாலெட்டிச், ஷிமுனோவிச் என்ற இருவர் தொகுத்த மூன்று தொகுதிகள் 2008-இல் வந்தன. இரண்டுக்கும் இடையே அரை நூற்றாண்டும் ஒரு போரும் இருப்பதால், இரண்டையும் அருகருகே வைத்தாலே ஒரு பெயர் தேய்ந்த கதை புலப்படும். ஆக்டா குரோவாட்டிகா என்ற இணையதளம் ஏறத்தாழ இதையே செய்கிறது: சென்ற நூற்றாண்டின் நடுவில் எத்தனை பேர், இப்போது எத்தனை பேர், எந்தெந்த ஊர்களில் என்று குடும்பப்பெயர்வாரியாகக் காட்டுகிறது. குரோவேசியாவுக்கு வெளியே போனவர்களை அதில் எண்ண முடியாது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். பழைய திருச்சபைப் பதிவுகளின் படிமங்களைப் பார்க்க ஃபேமிலிசர்ச் என்ற இணையதளம் இருக்கிறது. இலவசக் கணக்கு போதும், ஆனால் சிரிலிக் கையெழுத்தைப் படிக்கப் பொறுமை வேண்டும். நான் வாங்கிய அறிக்கையில் இவற்றுள் ஒன்றின் பெயர்கூட இல்லை.

குலச்சின்னத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. நீலப் பின்னணியில் சிங்கமும் மூன்று நட்சத்திரங்களும். எல்லைப்புறத்து உழவுப் படைவீரர் குடும்பத்துக்கு இது எந்த ஆவணத்தின்படி வந்தது என்று வாடிக்கையாளர் சேவைக்கு எழுதினேன். ‘எங்கள் வடிவமைப்பாளர்கள் குடும்பத்தின் உணர்வைப் பிரதிபலிக்குமாறு உருவாக்கியது’ என்று பதில் வந்தது. சிங்கத்தை எடுத்துவிட்டு வாய்ச்சியை வைத்திருந்தாலாவது உணர்வு பொருந்தியிருக்கும். பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, மின்வடிவில் தரப்படும் பொருளுக்குத் திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள். அது விதிமுறைகளின் கடைசிப் பத்தியில் இருந்தது உண்மைதான். நியாயமாகப் பாராட்டக்கூடியவை இரண்டு உண்டு: சிரிலிக் எழுத்தில் பெயரைப் பிழையின்றி எழுதியிருக்கிறார்கள், தாமதமின்றி அனுப்பினார்கள். சட்டம்போட்டுச் சுவரில் மாட்டும் அன்பளிப்பாக மட்டும் யாராவது கேட்டால் அச்சுத்தரம் ஏமாற்றாது. பெயரின் பொருளோ எண்ணிக்கையோ தெரிய வேண்டுமென்று கேட்பவர் இதை வாங்க வேண்டியதில்லை. ஐந்துக்கு ஒன்று என்பதே என் மதிப்பெண்.

பலகையில் இப்போது இப்படி எழுதியிருக்கிறோம்: ‘டெஸ்லா: காந்தப் பாய அடர்த்தியின் அலகு. நிகோலா டெஸ்லாவின் பெயரால் 1960-இல் சூட்டப்பட்டது. அவருடைய மொழியில் இச்சொல்லுக்கு வாய்ச்சி என்று பொருள்.’ கேள்வி கேட்ட மாணவி அதன் பக்கத்தில் வாய்ச்சியின் படமொன்றை வரைந்து ஒட்டியிருக்கிறாள். ஆசாரி வந்து பார்த்து, காம்பு சற்று நீளமாகிவிட்டது என்றார்.