சேர்வராயன் பாறைக்கு எந்தக் குட்டி டிரக்?

சேலத்தில் கோரிமேடு தாண்டினால் அடிவாரம்; இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஏற்காடு. ரிமோட் டிரக் ஓட்டுபவருக்கு சேலத்தைப் போல வாய்த்த ஊர் குறைவு. கையடக்க கிராலர், அதாவது பாறைமேல் மெதுவாக ஏறும் குட்டி ரிமோட் டிரக், வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மூன்று வண்டிகளுக்கு இடையில்தான் தடுமாறுகிறார்கள்: ஆக்சியல் எஸ்சிஎக்ஸ்24, டிராக்சாஸ் டிஆர்எக்ஸ்-4எம், எஃப்எம்எஸ் எஃப்சிஎக்ஸ்24. மலைக்குக் கொண்டுபோகத்தான் வாங்குகிறீர்கள் என்றால் நான் தயங்காமல் 4எம் பக்கம் நிற்பேன்.

முதல் காரணம் அளவு. எஸ்சிஎக்ஸ்24 நிஜ வண்டியில் 24-இல் ஒரு பங்கு; 4எம் 18-இல் ஒரு பங்கு. பத்து சென்டிமீட்டர் உயரக் கல் முன்னதற்கு 2.4 மீட்டர் பாறை, பின்னதற்கு 1.8 மீட்டர். டெட்போல்ட் மாடல் எஸ்சிஎக்ஸ்24-இல் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 133.7 மில்லிமீட்டர்; 4எம் டிஃபெண்டர் மாடலில் 155. இந்த இரண்டு சென்டிமீட்டர் செங்குத்தான ஏற்றத்தில் தெரியும். நீளம் குறைந்த வண்டி முன்சக்கரம் தூக்கிக்கொண்டு மல்லாந்துவிடும் இடத்தில், 4எம் நிதானமாக ஏறி நிற்கும்.

இரண்டாவது, ஷாக் அப்சார்பர். 4எம்மில் எண்ணெய் நிரப்பியே வருகிறது. எஸ்சிஎக்ஸ்24-இல் வெறும் ஸ்பிரிங்தான். சில்வர் ஓக் மரத்தடியில் வேர் மேல் வேராகக் கிடக்கும் தரையில் ஓட்டிப் பாருங்கள். எண்ணெய் இல்லாத வண்டி ஒவ்வொரு வேரிலும் துள்ளும். துள்ளும் நேரத்தில் டயருக்குப் பிடிப்பு கிடையாது. பேட்டரியிலும் வித்தியாசம் பெரிது: எஸ்சிஎக்ஸ்24-இன் 350 எம்ஏஎச் (மின்சாரம் தேக்கும் அளவு) எங்கே, 4எம்மின் 750 எங்கே! காப்பித் தோட்டத்து ஓரத்தில் சார்ஜ் போட இடம் தேட முடியாது. மலையில் மழையும் பனியும் சொல்லிக்கொண்டு வருவதில்லை. 4எம்மின் மின் பாகங்கள் தண்ணீர் தாங்கும்படி செய்யப்பட்டவை. எஸ்சிஎக்ஸ்24-ஐ ஈரச் சருகில் இறக்க எனக்கு மனம் வராது.

அதற்காக எஸ்சிஎக்ஸ்24-ஐ ஒதுக்கிவிட வேண்டாம். மொட்டை மாடியில் நாலு கருங்கல்லை அடுக்கி விளையாட அதைவிட நல்ல வண்டி இல்லை. மாற்று பாகங்களுக்கும் பஞ்சமே கிடையாது.

எஃப்சிஎக்ஸ்24 தனி ரகம். இதிலும் அளவு 24-இல் ஒரு பங்குதான், ஆனால் போர்ட்டல் அச்சு. சாதாரண அச்சு சக்கரத்தின் நடுமையத்தில் செல்வதால், அதன் நடுவில் பல்சக்கரங்களை அடக்கிப் புடைத்திருக்கும் டிஃபரன்ஷியல் உருண்டை கல்லில் இடித்து நிற்கும். போர்ட்டலில் சக்கரத்துக்கு அருகே ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கிறது. அச்சு அதன் மேல்பக்கமாக வந்து சேர்கிறது. உருண்டை அந்த அளவுக்கு உயர்ந்துவிடும். 4எம்மிலும் இந்த வசதி இல்லை. போதாததற்கு ரிமோட்டிலேயே மாற்றிக்கொள்ள இரண்டு கியர். ஏற்காட்டின் கரடுமுரடான சார்னோகைட் பாறை காய்ந்திருக்கும் நாளில், பாறை மட்டுமே போதும் என்பவருக்கு இதுவே பொருத்தம். வேர், சருகு, செம்மண் என்று எல்லாவற்றிலும் ஓட்ட ஆசைப்படுபவருக்கு 4எம்தான்.

எதை வாங்கினாலும் முதல் கூடுதல் செலவு மோட்டாருக்கு வேண்டாம். முன் அச்சில் பித்தளை எடை பூட்டுங்கள். கனம் கீழே இறங்கினால், கவிழ்ந்த சரிவிலேயே வண்டி ஏறும்.