ஷிரோ மேடா சந்தையா, நியாய வணிகப் பட்டறையா?

எத்தியோப்பியத் தலைநகர் அடிஸ் அபாபாவின் நெசவாளர்களில் பலர் காமோ மலைப்பகுதியிலிருந்து வந்த டோர்சே மக்கள். பெண்கள் நூற்பார்கள், ஆண்கள் நெய்வார்கள்.

வீட்டுத் தறியில் நெய்து பாரம்பரிய உடைச் சந்தையான ஷிரோ மேடாவின் வியாபாரிகளிடம் விற்பது பழைய வழி. நேரம் அவர்கள் கையில். ஆனால் நூல் விலை ஏறினாலும், பண்டிகை முடிந்து கிராக்கி குறைந்தாலும் அடி நெசவாளருக்குத்தான். ‘கபி’ (gabi) எனும் நான்கு அடுக்குப் பருத்திப் போர்வைக்கு எவ்வளவு உழைப்பு! ஆலைத்துணியோ அதன் விலையையும் அமுக்குகிறது.

இன்னொன்று, 2004இல் தொடங்கிய சபாஹர் போன்ற நியாய வணிகப் பட்டறை, அதாவது உழைப்புக்கு நியாயமான கூலி தருவதைக் கொள்கையாகக் கொண்டது. பருத்தியோடு ‘எரி’ (eri) எனும் பட்டு வகையும் உண்டு. நூலுக்குக் கடன் வாங்கும் கவலை இல்லை. என்ன, ஏற்றுமதிக்கான துண்டு, சால்வை வடிவங்களே அதிகம். நெட்டெலா எனும் மெல்லிய பருத்திச் சால்வையின் கரையில் நெய்யும் ‘திபெப்’ எனும் வண்ண வேலைப்பாட்டுக்கு உள்ளூர்ச் சந்தைதான் தாய்வீடு. ஆனாலும் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் நெசவாளருக்கு நான் பட்டறையைத்தான் சொல்வேன்.