புல்லட்டா, யெஸ்டியா: எதை முதலில் எழுப்புவது?

காரைக்குடிப் பக்கம் ஒரு வீட்டின் பின்கட்டில் இருபது, முப்பது வருஷமாக நிற்கும் புல்லட் 350, யெஸ்டி 250 என்ற இரண்டு பழைய பைக்குகள் கிடைத்தால், நான் புல்லட்டைத்தான் முதலில் தொடுவேன். 1955-லிருந்து சென்னையோடு ஒட்டிய வண்டி. சாமான் இன்றும் கிடைக்கும். சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஊறவையுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைக் கையால் மெல்லத் தள்ளுங்கள். எஞ்சின் இறுகாமல் சுற்றினால் பெரிய நிம்மதி. டேங்க் துரு இரண்டுக்கும் பொது.

யெஸ்டி டூ-ஸ்ட்ரோக், வால்வு கிடையாது, அமைப்பு எளிது. ஆனால் எஞ்சினின் சுழல்தண்டான கிராங்கைச் சுற்றிக் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையம், அதாவது ஆயில் சீல், காய்ந்து இறுகியிருந்தால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். பெட்ரோல்-காற்றுக் கலவை மெலிந்து, எஞ்சின் சூடேறி, பிஸ்டன் சிலிண்டரில் பிடித்துக்கொள்ளும். சீலை மாற்றாமல் ஓட்டவே கூடாது. யெஸ்டி தயாரித்த மைசூர் ஆலை 1996-ல் மூடியதால் அசல் சாமானுக்கு அலைய வேண்டும். அந்த இரட்டைச் சைலன்சர் சத்தத்துக்காக நான் அலைவேன்.