கோப்புப் பாதையைப் பிரிக்க: டிர்நேம், பேஸ்நேம் கட்டளைகளா, ஷெல்லின் வெட்டுக் குறிகளா?

யூனிக்ஸ் வழிவந்த கணினிகளில் ஒரு கோப்புப் பாதையைக் கோப்பகம் எனவும் கோப்புப்பெயர் எனவும் பிரிக்க இரண்டு வழிகள் பெரிதும் வழக்கில் உள்ளன. கோப்பகத்தைத் தரும் டிர்நேம், கோப்புப்பெயரைத் தரும் பேஸ்நேம் என்னும் தனிக் கட்டளைகளை அழைப்பது ஒன்று. கட்டளைகளைப் பெற்று இயக்கும் நிரலான ஷெல்லே மாறியின் மதிப்பை வெட்டித் தரும் %/* (கோப்பகத்துக்கு), ##*/ (கோப்புப்பெயருக்கு) ஆகிய குறிகளை எழுதுவது மற்றொன்று. இரண்டும் இவ்வகைக் கணினிகளுக்குப் பொதுவான போசிக்ஸ் தரநிலையில் இருப்பவையே. /வீடு/படங்கள்/மலர்.பிஎன்ஜி என்ற பாதைக்கு இரண்டும் ஒரே விடையைத் தருவதால், எதை எழுதினாலும் ஒன்றுதான் என்ற எண்ணம் எளிதில் வந்துவிடுகிறது.

பாதையின் முடிவில் ஒரு சாய்கோடு சேர்ந்தால் அந்த எண்ணம் பொய்த்துவிடும். /வீடு/படங்கள்/ என்று கொடுத்தால் பேஸ்நேம் ‘படங்கள்’ என்கிறது. ஷெல்லின் குறியோ எதையும் தருவதில்லை. இது அரிய நிலையன்று, ஏனெனில் டேப் விசையை அழுத்திக் கோப்பகத்தின் பெயரை நிரப்பும்போது ஷெல்லே அந்தச் சாய்கோட்டை இட்டுவிடுகிறது. அந்த வெற்றுப் பெயரைச் சேமிப்புக் கோப்பகத்தின் பாதையோடு ஒட்டி, உள்ளடக்கத்தோடு அழிக்கும் கட்டளைக்கு அனுப்பினால், அழிவது ஓர் உட்கோப்பகம் அன்று, முழுச் சேமிப்பும். சாய்கோடே இல்லாத மலர்.பிஎன்ஜி என்ற பாதைக்கு டிர்நேம் நடப்புக் கோப்பகத்தைக் குறிக்கும் ஒற்றைப் புள்ளியைத் தருகிறது. ஷெல்லின் குறி கோப்பின் பெயரையே கோப்பகம் என்று திருப்பித் தருகிறது.

கட்டளைகளிலும் குறை உண்டு. ஒவ்வோர் அழைப்புக்கும் பொதுவாக ஒரு புதிய செயல்முறை தொடங்கவேண்டியிருப்பதால், 10,000 கோப்புகளுக்கு இரண்டு கட்டளைகளையும் அழைக்கும் சுழற்சி 20,000 செயல்முறைகளை எழுப்பும். ஷெல்லின் குறிக்கு இந்தச் செலவு இல்லை. சிறுகோட்டில் தொடங்கும் பெயரைக் கட்டளைகள் தம் செயலை மாற்றச் சொல்லும் விருப்பக்குறி என்று தவறாக எடுத்துக்கொள்வதும் உண்டு. பாதைக்கு முன் இரட்டைச் சிறுகோடு இடுவது அதற்குப் போதும்.

ஆகவே பயனரோ வேறு நிரலோ தரும் பாதை என்றால், வேகத்தைப் பொருட்படுத்தாமல் கட்டளைகளையே நான் தேர்வேன். ./*.பிஎன்ஜி என்பதுபோல் ஷெல்லே விரித்துத் தரும் பட்டியலில், பொருந்தும் கோப்புகள் இருக்கும்வரை, ஒவ்வொரு பெயரின் தொடக்கத்திலும் ./ தவறாமல் இருக்கும், இறுதிச் சாய்கோடு வராது. அங்கே குறிகளே மேல். வேறொரு கோப்பைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகளின் உண்மையான இருப்பிடம் வேண்டுமானால் இரண்டுமே உதவா: இவை வட்டைப் பார்ப்பதே இல்லை, எழுத்துகளை மட்டுமே வெட்டுகின்றன. முதலில் ரியல்பாத் கட்டளையால் உண்மையான பாதையைக் கண்டுகொண்டு, பிறகே பிரிக்கவேண்டும்.