கோதுமையை நிறுத்தும் முன் ரத்தம் கொடுங்கள்: சீலியாக் பரிசோதனைகளில் எது முதலில்?

எங்கள் இளைய மகளுக்குச் சீலியாக் என்று உறுதியானதும், வீட்டில் மற்றவர்களையும் பரிசோதிக்கச் சொன்னார் டாக்டர். எங்கள் முன்னால் நாலு வழிகள் இருந்தன. டிடிஜி ரத்தப் பரிசோதனை, எச்எல்ஏ மரபணுப் பரிசோதனை, நேராக எண்டோஸ்கோபி. நாலாவது வழி உறவினர்கள் எல்லோரும் சொன்னது: "பேசாமல் வீட்டோடு கோதுமையை நிறுத்திவிடுங்கள், டெஸ்ட் எதற்கு?" நாங்கள் ரத்தப் பரிசோதனையில்தான் தொடங்கினோம். யார் கேட்டாலும் இன்றைக்கும் அதையேதான் சொல்வேன்.

நோயைப் பற்றிச் சுருக்கமாக. இது கோதுமை அலர்ஜி அல்ல. கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் எதிர்ப்புச் சக்தி சிறுகுடலின் உட்சுவரையே தாக்குகிறது. அங்கே விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்துபோகின்றன. சாப்பிடுவது உடம்பில் ஒட்டுவதில்லை. வயிற்றுப்போக்கு எல்லோருக்கும் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் மகளுக்கு வயிற்றில் பெரிய தொல்லை எதுவும் இல்லை. இரும்புச்சத்து மருந்து மாதக்கணக்கில் கொடுத்தும் ரத்தசோகை சரியாகவில்லை, உயரமும் ஏறவில்லை. அதை வைத்துத்தான் டாக்டர் சந்தேகப்பட்டார்.

நாங்கள் இருப்பது டெல்லியில். என் மாமியார் கேட்டார், "நாமெல்லாம் சோறு திங்கிறவங்க, நமக்கு எப்படிம்மா இது வரும்?" நல்ல கேள்விதான். 2016இல் வெளியான ஓர் இந்திய ஆய்வில் வட இந்தியா, வடகிழக்கு, தென்னிந்தியா ஆகிய மூன்று பகுதிகளில் பெரியவர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள். சீலியாக் இருந்தால் உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 சதவீதம் பேரிடமும் தெற்கில் 0.10 சதவீதம் பேரிடமும் இருந்தது. ஆனால் நோய்க்கு இடம்கொடுக்கும் மரபணு மூன்று பகுதிகளிலும் ஏறக்குறைய ஒரே அளவில் காணப்பட்டது. மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் சாப்பாட்டில்தான் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சாப்பிடும் கோதுமை சராசரியாக 455 கிராம், தெற்கில் 25 கிராம். மரபணு நம்மிடமும் இருக்கிறது. டெல்லிக்கு வந்து மூன்று வேளையில் இரண்டு வேளை சப்பாத்தி என்று ஆனபின் நமக்கு வராது என்று சொல்ல முடியாது. சென்னையிலும் கோவையிலும்கூட இரவுச் சாப்பாடு சப்பாத்தியாக மாறிவிட்ட வீடுகள் இப்போது எத்தனையோ.

இனி ஒப்பீட்டுக்கு வருகிறேன்.

ரத்தப் பரிசோதனையைச் சீட்டில் டிடிஜி-ஐஜிஏ என்று எழுதுவார்கள். அந்த எதிர்ப்பொருள் ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதுதான் இது. சாதாரணமாக ரத்தம் எடுப்பது போலத்தான், பெரிய லேப் எதிலும் செய்வார்கள். கூடவே மொத்த ஐஜிஏ அளவையும் பார்க்கச் சொல்ல வேண்டும். சீலியாக் உள்ளவர்களில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏ என்ற எதிர்ப்பொருள் வகையே மிகக் குறைவாக இருக்கும். அவர்களுக்கு இந்தச் சோதனை, நோய் இருந்தும் இல்லை என்று காட்டிவிடும். அப்படிப்பட்டவர்களுக்கு ஐஜிஜி வகைச் சோதனை தனியாக இருக்கிறது. டாக்டர் சீட்டில் மொத்த ஐஜிஏ எழுதப்பட்டிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள், விட்டுப்போவது உண்டு.

மரபணுப் பரிசோதனைக்கு விலை பல மடங்கு. எச்எல்ஏ டிக்யூ2, டிக்யூ8 என்ற இரண்டு வகைகள் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். இரண்டும் இல்லை என்றால் அவருக்குச் சீலியாக் வர வாய்ப்பு கிட்டத்தட்ட இல்லை, அத்தோடு கவலை விட்டது. இருக்கிறது என்று வந்தால்? மேற்கத்திய நாடுகளில் பொதுமக்களில் 30, 40 சதவீதம் பேரிடம் இது இருக்கிறது, அவர்களில் மிகச் சிலருக்கே நோய் வருகிறது. ஆகவே 'இருக்கிறது' என்ற ரிப்போர்ட் பயத்தைத்தான் தரும், விடையைத் தராது. நோயைக் கண்டுபிடிக்கும் முதல் சோதனையாக இதைச் செய்வதில் எனக்கு உடன்பாடில்லை. இதற்கு வேறொரு நல்ல உபயோகம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

எண்டோஸ்கோபி என்பது வாய்வழியாகக் குழாய் விட்டுக் குடலைப் பார்ப்பது. பயமுறுத்துவதற்கு ஒன்றுமில்லை, மயக்கம் கொடுத்துச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார்கள். முன்சிறுகுடலில் குறைந்தது நாலு இடங்களிலாவது சதைத் துணுக்கு (பயாப்ஸி) எடுத்திருக்க வேண்டும், அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரே இடத்தில் எடுத்தால் பாதிப்பு தப்பிப்போகலாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் இன்றும் இதை வைத்துத்தான் நோயை உறுதிசெய்கிறார்கள். ஆனால் ரத்தம் பார்க்காமல் நேராக இதற்குப் போவது நம் நாட்டில் குழப்பத்தைத் தரக்கூடும். குடலுறிஞ்சிகள் தேய்வதற்குச் சீலியாக் மட்டும் காரணமல்ல. ஜியார்டியா கிருமி, வேலூர் மருத்துவர்கள் பல காலம் ஆராய்ந்த வெப்பமண்டல ஸ்ப்ரூ என்ற குடல்நோய் போன்றவையும் அதே மாதிரி படத்தைக் காட்டும். ரத்தத்தில் எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று தெரிந்தால்தான் பயாப்ஸி ரிப்போர்ட்டைச் சரியாகப் படிக்க முடியும்.

குழந்தைகள் விஷயத்தில் இப்போது ஒரு நல்ல மாற்றம் வந்திருக்கிறது. டிடிஜி அளவு நார்மலின் உச்ச வரம்பைவிடப் பத்து மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இன்னொரு நாள் எடுத்த ரத்தத்தில் இஎம்ஏ என்ற இன்னொரு எதிர்ப்பொருள் சோதனையும் பாசிட்டிவாக வந்தால், பயாப்ஸி இல்லாமலேயே உறுதிசெய்யலாம் என்று ஐரோப்பியக் குழந்தைகள் குடல்நோய் சங்கத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. எங்கள் மகளுக்கு அப்படித்தான் முடிவானது. எல்லா டாக்டர்களும் இதை ஏற்பதில்லை, சிலர் பயாப்ஸி வேண்டும் என்பார்கள். அதில் தவறும் இல்லை.

எல்லாவற்றையும் தீர்மானிக்கிற விஷயம் ஒன்று இருக்கிறது. விலை, வலி, துல்லியம் எல்லாம் அதற்குப் பிறகுதான். ரத்தம் எடுக்கும்போது அந்த ஆள் கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

டிடிஜி, பயாப்ஸி இரண்டுமே குளூட்டன் ஏற்படுத்தும் விளைவைத்தான் காட்டுகின்றன. குளூட்டன் உள்ளே போவது நின்றால் எதிர்ப்பொருள் வாரக்கணக்கில் இறங்கத் தொடங்கி, சில மாதங்களிலிருந்து ஒரு வருடத்துக்குள் பலருக்கு நார்மலுக்கே வந்துவிடும். குடலும் மெல்ல ஆறத் தொடங்கும். அப்போது பரிசோதித்தால் நோய் இருப்பவருக்கும் 'இல்லை' என்றே வரலாம். மரபணுச் சோதனைக்கு மட்டும்தான் சாப்பாட்டோடு சம்பந்தமில்லை.

தமிழ் வீடுகளுக்கு இதில் உள்ள சிக்கலை யாரும் அதிகம் பேசிக் கேட்டதில்லை. ஒரு பஞ்சாபிக் குடும்பத்துக்கு ரொட்டியை நிறுத்துவது பெரும்பாடு. அதனாலேயே அவர்கள் முதலில் பரிசோதித்துத் தெரிந்துகொண்டுதான் நிறுத்துவார்கள். நமக்கோ கோதுமையை விடுவது மிகச் சுலபம். இட்லி, தோசை, சாதம், இடியாப்பம், அடை, கேழ்வரகுக் களி, கம்பங்கூழ் என்று கோதுமையே இல்லாமல் ஒரு வாரத்தை ஓட்டினால்கூட யாருக்கும் தெரியாது. வயிறு உப்புசம் என்றால் "சப்பாத்தியை விட்டுப் பார்" என்கிறோம். விடுகிறார்கள், வயிறு லேசாகிறது, அத்தோடு விஷயம் முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. கோதுமையில் ஃபிரக்டான் என்ற மாவுச்சத்தும் இருக்கிறது, சிலருக்கு வாயுவை உண்டாக்குவது அதுதான். நார்வேயில் நடந்து 2018இல் வெளியான ஓர் ஆய்வில், சீலியாக் இல்லாமலே குளூட்டன் ஒத்துக்கொள்ளவில்லை என்று நம்பியவர்களுக்குக் குளூட்டனைவிட ஃபிரக்டான்தான் அதிகத் தொல்லை கொடுத்தது. ஆகவே கோதுமையை விட்டதும் வயிறு சரியானது என்பதை வைத்துச் சீலியாக் உண்டு என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது.

நோய் உறுதியாகாமல் கோதுமையை விட்டவர் எப்படி நடந்துகொள்வார் என்று யோசித்துப் பாருங்கள். வீட்டில் சப்பாத்தி இல்லை. கல்யாண வீட்டில் ரவா கேசரி ஒரு கரண்டி, ரயிலில் ஒரு சமோசா, எப்போதாவது பரோட்டா. "கொஞ்சம்தானே" என்று தோன்றும். சீலியாக் இருப்பவருக்குக் கொஞ்சமும் ஆகாது. ஒரு நாளைக்கு 50 மில்லிகிராம் குளூட்டன் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பாதிக்கப்படுகிறது என்று 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு காட்டியது. ரொட்டித் துணுக்கு அளவுதான் அது. கடையில் வாங்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கிறது. சாம்பார், ரசம், மிளகாய்ப்பொடி என எல்லாவற்றிலும் அது போகிறது. ஹார்லிக்ஸ் போன்ற மால்ட் பானங்களில் பார்லி. சேமியா, ரவை, கோதுமை அல்வா பற்றிச் சொல்லவே வேண்டாம். மகளுக்கு நோய் உறுதியானதால்தான் நாங்கள் பெருங்காய டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தோம். வெறும் சந்தேகத்தோடு ஒருவர் வாழ்நாள் முழுக்க அந்தக் கட்டுப்பாட்டோடு இருக்கமாட்டார். எலும்பின் உறுதி, தைராய்டு, இரும்புச்சத்து ஆகியவற்றைத் தொடர்ந்து பார்த்துவரவும் யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய குழந்தைகளைச் சோதிக்கவும் யாருக்கும் தோன்றாது.

இந்தத் துளிகள் குடலைக் கெடுக்கப் போதும், ஆனால் ரத்தப் பரிசோதனையில் நோயை நம்பகமாகக் காட்ட இவற்றை நம்ப முடியாது. எனவே ஏற்கெனவே கோதுமையை விட்டவர் பரிசோதிக்க விரும்பினால் மறுபடியும் ஒழுங்காகச் சாப்பிட்டாக வேண்டும். ஒரு நாளில் ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில், குறைந்தது 6 வாரம் குளூட்டன் சேர்க்க வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஒரு நடுத்தரச் சப்பாத்தியில் ஏறத்தாழ 2, 3 கிராம் குளூட்டன் இருக்கும். காலையில் ரவா உப்புமா, இரவில் இரண்டு சப்பாத்தி என்றால் அளவு தேறிவிடும். விட்டுவிட்டு ஆரம்பிப்பவர்களுக்கு வயிற்றுவலி, சோர்வு எல்லாம் திரும்ப வரும், பலரால் தாங்க முடிவதில்லை. இதை டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள், குழந்தைகளுக்குக் கண்டிப்பாகக் கூடாது.

அந்தக் கட்டத்தில்தான் மரபணுச் சோதனை கொடுத்த காசுக்குப் பயன் தருகிறது. பல மாதங்களாகக் கோதுமை தொடாதவர் முதலில் அதைச் செய்து, 'இல்லை' என்று வந்தால் மறுபடி கோதுமை தின்று அவதிப்பட வேண்டிய தேவையே இருக்காது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். மகளுக்கு ரிப்போர்ட் வந்த அன்றே அவளுக்காக எல்லோரும் கோதுமையை விடலாம் என்று அன்பில் ஒரு முடிவு எழுந்தது. டாக்டர் தடுத்தார். நானும் கணவரும் மகனும் ரத்தம் கொடுத்த பிறகுதான் ஆட்டா டப்பாவைத் தனி அலமாரிக்கு மாற்றினோம். பெற்றோர், உடன்பிறந்தவர், பிள்ளைகள் ஆகிய நெருங்கிய உறவில் நூற்றுக்கு ஏழெட்டுப் பேருக்கு இந்த நோய் இருக்கலாம் என்கின்றன ஆய்வுகள். அதிலும் உடன்பிறந்தவர்களுக்கு வாய்ப்பு கூடுதல். அறிகுறி இல்லாவிட்டாலும் பார்க்க வேண்டும்.

எனக்கு ஒன்றுமில்லை. கணவருக்கு டிடிஜி வரம்பைவிடச் சற்று மேலே வந்தது. இந்த இடைப்பட்ட எண்தான் ரத்தப் பரிசோதனையின் பலவீனம். முதல் வகைச் சர்க்கரை நோய், கல்லீரல் கோளாறு, சில தொற்றுகள் இருந்தாலும் லேசாக ஏறலாம். எண்டோஸ்கோபி செய்தார்கள், குடல் நன்றாகவே இருந்தது. அவருக்கு எந்தத் தொல்லையும் இல்லாததால் வழக்கம்போலச் சாப்பிடுங்கள், அவ்வப்போது சோதிப்போம் என்றார் டாக்டர். இந்த நிலையில் உள்ளவர்களில் சிலருக்குப் பிற்காலத்தில் குடல் பாதிக்கப்படுகிறது, சிலருக்கு எண் தானாகவே இறங்கிவிடுகிறது. அவர் எந்தப் பக்கம் என்பது இனிமேல்தான் தெரியும், அதனால் இதில் உறுதியாக எதுவும் சொல்ல மாட்டேன். விரலில் குத்தி வீட்டிலேயே பார்க்கும் கிட்டை நாங்கள் பயன்படுத்தியதில்லை, அதைப் பற்றியும் எனக்குக் கருத்தில்லை. நூறு உணவுகளுக்குப் பட்டியல் போட்டுத் தரும் 'உணவு ஒவ்வாமை ஐஜிஜி' பேக்கேஜுக்கு மட்டும் காசு செலவழிக்க வேண்டாம் என்று தயங்காமல் சொல்வேன். சீலியாக்கைக் கண்டுபிடிக்க அது உதவாது. முன்பு சொன்ன ஐஜிஜி வகைச் சோதனை வேறு, இது வேறு.

மகனுக்கு டிடிஜி நார்மல். ஆனால் சீலியாக் எந்த வயதிலும் தொடங்கலாம், ஒரு முறை 'இல்லை' என்றால் ஆயுளுக்கும் 'இல்லை' ஆகாது. அதனால் அவனுக்கு மட்டும் பிறகு மரபணுவும் பார்த்தோம். அது இல்லையென்று வந்திருந்தால் இனி ஊசியே வேண்டாம் என்றிருக்கும். டிக்யூ2 இருக்கிறது என்று வந்தது. இனி இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை, இடையில் ரத்தசோகையோ வளர்ச்சியில் தேக்கமோ தெரிந்தால் உடனே, டிடிஜி பார்க்க வேண்டும். அதுவரை அவன் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்க வேண்டும். அவனுக்கென்று தனித் தவா, தனிப் பூரிக்கட்டை, தனி டப்பா வைத்திருக்கிறோம். மகளுக்கு தோசை வார்த்து முடித்த பிறகுதான் அவனுடைய தவாவை அடுப்பில் ஏற்றுகிறேன்.