கேசட் லேபிள் தொடங்குபவரின் கையில் ஜூம் எச்4என் ப்ரோ

சிறிய அரங்குகளில் வாசிக்கும் இசைக்குழுக்களின் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து, ஒவ்வொன்றையும் முப்பது பிரதிகள் மட்டும் கேசட்டாக வெளியிடும் லேபிள் ஒன்றை நானும் என் நண்பரும் நடத்தி வருகிறோம். எங்களிடம் ஸ்டூடியோ இல்லை. ஒலிப்பதிவுப் பொறியாளரும் இல்லை. நாங்கள் வெளியிட்ட கேசட்டுகள் அனைத்தும் ஜூம் எச்4என் ப்ரோ என்ற கையடக்க ரெக்கார்டரில் பதிவானவை. இந்தக் கருவியைப் பற்றிய மதிப்புரைகள் பெரும்பாலும் பேட்டி எடுப்பவரையோ காணொளி எடுப்பவரையோ மனத்தில் வைத்தே எழுதப்படுகின்றன. உள்ளூர் நிகழ்ச்சிகளைப் பதிவு செய்து நாடாவில் ஏற்றி வெளியிட நினைப்பவருக்கு இது எப்படிப் பயன்படுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். ஒரே நேரத்தில் நான்கு சேனல்களை, அதாவது நான்கு தனித்தனி ஒலி வரவுகளைப் பதிவு செய்யும் வசதிக்காகவே எங்களைப் போன்றவர்கள் இதை வாங்கலாம். மற்ற வசதிகள் எல்லாம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் லேபிள் நின்றுவிடாது.

ஜூம் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இந்த மாதிரி, 2009இல் வந்த எச்4என் கருவியின் அடுத்த வடிவம். தலைப்பகுதியில் ஒன்றையொன்று குறுக்கே பார்க்கும் இரண்டு கண்டன்ஸர் மைக்குகள் இருக்கின்றன. அடிப்பகுதியில் மைக் வயர்களில் இருக்கும் மூன்று முள் எக்ஸ்எல்ஆர், கிட்டார் வயர்களில் இருக்கும் கால் அங்குல ஜாக் ஆகிய இரண்டையும் ஏற்கும் இரண்டு இணைப்புகள் உள்ளன. நான்கு சேனல் நிலையில் வைத்துப் பதிவு செய்தால், மேலுள்ள மைக்குகள் கேட்டது ஒரு ஸ்டீரியோ கோப்பாகவும், கீழ் இணைப்புகள் வழியாக வந்தது மற்றொரு ஸ்டீரியோ கோப்பாகவும் மெமரி கார்டில் பதிகின்றன. இரண்டும் ஒரே கருவியின் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால், நிகழ்ச்சி எவ்வளவு நேரம் நீண்டாலும் ஒன்று மற்றொன்றை விட்டு நகர்வதில்லை. தனித்தனி ரெக்கார்டர்களில் பதிவு செய்து பின்னர் சேர்க்க முயன்றவர்களுக்கு இதன் அருமை தெரியும். தொடக்கத்தில் சரியாகப் பொருந்திய தடங்கள், அரை மணி நேரம் கழித்து டிரம் அடியை இரட்டையாகக் கேட்கவைக்கும் அளவுக்கு விலகிப் போயிருக்கும்.

இந்த வசதி எங்களுக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விளக்க வேண்டும். சிறிய அரங்கில் டிரம்ஸுக்கும் கிட்டார் ஆம்புக்கும் பெரும்பாலும் மைக் வைக்க மாட்டார்கள், ஏனென்றால் அவற்றின் சொந்தச் சத்தமே அரங்கத்துக்குப் போதும். ஸ்பீக்கர் வழியாக வருவது பாடுபவரின் குரலும், சில நேரங்களில் கீபோர்டும் மட்டுமே. ஆகவே அவற்றைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் மிக்ஸரிலிருந்து நேரடியாக ஒரு வயரை இழுத்துப் பதிவு செய்தால், குரல் காதுக்குள் பேசுவதுபோல் துல்லியமாகவும் டிரம்ஸ் பக்கத்து வீட்டில் அடிப்பதுபோலும் கேட்கும். மாறாக, அரங்கின் நடுவில் மைக்கை வைத்து மட்டும் பதிவு செய்தால் டிரம்ஸும் கிட்டாரும் உயிரோடு வரும். ஆனால் குரல் சுவரில் மோதித் திரும்பிய எதிரொலியோடு கலந்து, சொற்கள் புரியாத அளவுக்கு மங்கிவிடும். ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்புவதால் இரண்டையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டியிருக்கிறது. அரங்கத் தடத்தை அடித்தளமாக வைத்து, மிக்ஸர் தடத்தைக் குரல் தெளியும் வரை மெல்ல உயர்த்துவதே நாங்கள் பின்பற்றும் முறை. பாடல் வரி முதல் தடவையிலேயே புரிகிற புள்ளியில் கையை எடுத்துவிடுவோம். அதற்கு மேல் ஏற்றினால் பாடுபவர் குழுவை விட்டு விலகி முன்னால் வந்து நின்றுவிடுகிறார்.

இரண்டையும் கலப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. மிக்ஸரிலிருந்து வரும் சமிக்ஞை வயர் வழியாக உடனே வந்துவிடுகிறது. ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலியோ காற்றில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் பயணம் செய்து மைக்கை அடைகிறது. ரெக்கார்டர் மேடையிலிருந்து 7 மீட்டர் தள்ளி இருந்தால் அரங்கத் தடம் ஏறத்தாழ 20 மில்லிசெகண்ட் பின்தங்கியிருக்கும். இதைச் சரிசெய்யாமல் கலந்தால் குரலைச் சுற்றி ஒரு தகர டப்பாவின் ஓசை சேர்ந்துகொள்ளும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் பாடுபவரின் மைக்குக்கு நேராக நின்று ஒருமுறை ஓங்கிக் கைதட்டச் சொல்லிவிடுவோம். கணினியில் இரண்டு தடங்களிலும் அந்தக் கைதட்டல் ஓர் ஊசிபோல் எழுந்து நிற்கும். மிக்ஸர் தடத்தைப் பின்னுக்குத் தள்ளி இரண்டு ஊசிகளையும் ஒரே கோட்டில் நிறுத்தினால் வேலை முடிந்தது. எங்கள் முதல் வெளியீட்டில் இதைச் செய்யத் தெரியாமல், டப்பா ஓசையைக் குறைக்க மூன்று மாலைகள் ஈக்வலைஸரோடு போராடினோம். அந்தக் கேசட்டை இன்று கேட்டாலும் எனக்கு மனம் கனக்கிறது, ஏனென்றால் குழுவினர் அன்று மிக நன்றாக வாசித்திருந்தார்கள்.

மைக்குகளின் கோணத்தை 90 பாகை, 120 பாகை என இரண்டு நிலைகளில் வைக்கலாம். மைக் தலைகளைக் கையால் திருப்பினால் போதும், கோணம் மாறிவிடும். மேடைக்கு அருகே இருக்கும்போது 120 பாகை குழுவை இடவலமாக நன்றாக விரித்துக் காட்டுகிறது. பின்சுவர்வரை தள்ளிப்போய்விட்டால் 90 பாகைதான் சரி, இல்லையென்றால் பக்கத்தில் நின்று பேசுபவர்களின் உரையாடலும் கேசட்டில் இடம்பிடித்துவிடும். 140 டெசிபல் வரையிலான ஒலியழுத்தத்தைத் தாங்கும் என்று தயாரிப்பாளர்கள் குறிப்பிடுகிறார்கள். மிக உரத்த குழுக்களைக்கூட மைக்குகள் சிதறாமல் பதிவு செய்திருக்கின்றன. கருவியை மேசைமேல் வைக்கக் கூடாது, தரை அதிர்வு முழுவதும் ஏறிவிடும். பின்புறத்தில் முக்காலிக்கான திருகுத்துளை இருப்பதால், உயரமான ஸ்டாண்டில் ஏற்றிப் பார்வையாளர்களின் தலைக்கு மேலே நிறுத்துவது நல்லது.

கீழ் இணைப்புகளைப் பற்றி எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எக்ஸ்எல்ஆர் முனை, மைக் அளவிலான மெல்லிய சமிக்ஞைக்காக அமைக்கப்பட்டது. மிக்ஸரின் முதன்மை வெளியீட்டிலிருந்து வருவது அதைவிடப் பல மடங்கு வலிமையான லைன் அளவுச் சமிக்ஞை. அதை நேராக எக்ஸ்எல்ஆரில் செருகினால், ரெக்கார்டரில் லெவலை எவ்வளவு குறைத்தாலும் ஒலி நொறுங்கியே பதிவாகும், ஏனென்றால் முதல் படியிலேயே அது உடைந்துவிடுகிறது. இதற்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. சமிக்ஞையைக் குறைக்கும் சிறிய அட்டெனுவேட்டரை நடுவில் சேர்க்கலாம், அல்லது கால் அங்குல ஜாக் வழியாக எடுத்து, மிக்ஸரில் அந்த வெளியீட்டின் அளவைக் குறைத்துத் தரச் சொல்லலாம். ஒலியமைப்பாளரிடம் முன்கூட்டியே போய்ப் பேசுங்கள். "அண்ணே, ரெக்கார்டிங்குக்குத் தனியா ஒரு லைன் கொடுக்க முடியுமா?" என்று பணிவாகக் கேட்டபோது முகம் சுளித்தவர் எங்கள் அனுபவத்தில் மிகக் குறைவு. நிகழ்ச்சி தொடங்க ஐந்து நிமிடம் இருக்கும்போது வயரோடு போய் நின்றால் யாருக்கும் எரிச்சல்தான் வரும்.

பதிவு பட்டனை ஒருமுறை அழுத்தினால் கருவி ஆயத்த நிலைக்குத்தான் போகிறது. சிவப்பு விளக்கு விட்டுவிட்டு எரியும், திரையில் லெவல் பட்டைகளும் ஆடும், ஆனால் எதுவும் பதிவாகாது. இரண்டாம் முறை அழுத்திய பிறகே விளக்கு நிலையாக எரியத் தொடங்கி, நேரம் ஓட ஆரம்பிக்கிறது. இருட்டில் அவசரமாக ஒருமுறை மட்டும் அழுத்திவிட்டு நான் மேடையைப் பார்த்து நின்றதால் ஒரு குழுவின் முதல் பாடல் முழுவதும் போயிற்று. அது கையேட்டில் தெளிவாக எழுதியிருப்பதுதான், கவனக்குறைவு என்னுடையது. அன்றிலிருந்து திரையில் நொடிகள் ஓடுவதைக் கண்ணால் பார்க்காமல் நான் கருவியை விட்டு நகர்வதில்லை. இரண்டு ஏஏ பாட்டரிகளில் சில மணி நேரம் ஓடுகிறது. பாட்டரியைச் சேமிக்கும் ஸ்டாமினா நிலையில் நான்கு சேனல் பதிவு கிடையாது என்பதால், நம் வேலைக்கு அது உதவாது. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் புதிய பாட்டரி போட்டுவிடுவதே நிம்மதி. 32 ஜிபி வரையிலான கார்டை ஏற்கிறது. 24 பிட் ஆழத்தில், ஒலியை நொடிக்கு 48,000 முறை அளக்கும் 48 கிலோஹெர்ட்ஸில், நான்கு சேனல்களும் சேர்ந்து மணிக்கு ஏறத்தாழ 2 ஜிபிதான் ஆகும் என்பதால் இடத்தைப் பற்றிக் கவலையே இல்லை.

மிக உயர்ந்த அதிர்வெண்களையும் பிடிக்கும் 96 கிலோஹெர்ட்ஸ் பதிவு நான்கு சேனல் நிலையில் கிடையாது. நாடாவில் வெளியிடுபவருக்கு இது இழப்பே அல்ல. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய கேசட்டின் நாடா 3.81 மில்லிமீட்டர் அகலமே உடையது. அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் மட்டுமே ஓடுகிறது. இரும்பு ஆக்ஸைடு பூசிய சாதாரண ஃபெரிக் நாடாவில் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் எதிர்பார்ப்பதில் பொருளில்லை. நாடாவின் இரைச்சலும் இந்த ரெக்கார்டரின் இரைச்சலைவிடப் பெரியது. நமக்கு உண்மையில் உதவுவது, லெவலைத் தாழ்த்தி வைத்தாலும் ஒலியை நுணுக்கமாகப் பதியும் 24 பிட் ஆழம்தான். தானியங்கி லெவலை அணைத்துவிட்டு, உச்சம் மீட்டரில் மைனஸ் 12 டெசிபலை, அதாவது ரெக்கார்டரின் மேல்வரம்புக்கு 12 டெசிபல் கீழே உள்ள புள்ளியைத் தொடுமாறு வைத்தால், கடைசிப் பாடலில் குழு எவ்வளவு எகிறினாலும் சிதறாது. பிறகு கணினியில் அளவை உயர்த்திக்கொள்ளலாம்.

நாடாவுக்கு ஏற்றுவதற்கு முன் சிம்பல் ஓசையையும் குரலின் "ஸ்" ஒலியையும் சற்று அடக்கிவிடுகிறோம். இந்த வேகத்தில் ஓடும் நாடா உயர் அதிர்வெண்களில் விரைவில் நிறைந்துபோய்ச் சொரசொரவென்று ஆகிவிடும். தாழ்ந்த ஒலிகளை அது தாராளமாக ஏற்றுக்கொள்கிறது, பாஸ் கிட்டாரும் கிக் டிரம்மும் நாடாவில் இன்னும் சதைப்பற்றோடு கேட்கின்றன. அந்த ஓசைக்காகத்தான் இவ்வளவு பாடுபடுகிறோம்.

பிரதி எடுக்கும்போதும் ரெக்கார்டர் உதவுகிறது. முடிந்த ஸ்டீரியோ கோப்பைக் கார்டில் போட்டு, ஹெட்ஃபோனுக்கும் லைன் வெளியீட்டுக்கும் பொதுவாக உள்ள துளையிலிருந்து இரண்டு கேசட் டெக்குகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறோம். பக்கத்துக்கு 20 நிமிடம் கொண்ட சி40 கேசட் என்றால், முப்பது பிரதிகளுக்குப் பதினைந்து சுற்றுகள், மொத்தம் பத்து மணி நேரம் ஆகிறது. நடுநடுவே ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் டெக்கின் ஹெட்டையும் ரப்பர் உருளையையும் துடைப்போம். பஞ்சில் பழுப்பாக ஒட்டி வருவது நாடாவிலிருந்து உதிர்ந்த தூள்தான். அதை விட்டுவைத்தால் பத்தாவது பிரதியில் மேல் ஒலிகள் மங்கத் தொடங்கும்.

மற்ற வசதிகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒரு தடத்தைக் கேட்டபடியே அடுத்ததைப் பதிவு செய்து அடுக்கும் நான்கு தட மல்ட்டிடிராக் நிலை இருக்கிறது. டாஸ்காம் 1979இல் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோ 144 கேசட்டில் செய்ததை இது கார்டில் செய்கிறது. தனியாகப் பாடல் எழுதுபவருக்கு அது பிடிக்கும். உள்ளே இருக்கும் எஃபெக்டுகளை நாங்கள் ஒருமுறைகூடத் தொட்டதில்லை. யூஎஸ்பி வழியாகக் கணினியின் ஆடியோ இன்டர்ஃபேஸாகவும் பயன்படுத்தலாம், அது ஒழுங்காக வேலை செய்கிறது.

ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தடத்தில் எடுத்துப் பின்னர் விரிவாக மிக்ஸ் செய்ய விரும்புபவருக்கு இந்தக் கருவி போதாது, அவர் எட்டு அல்லது அதற்கு மேற்பட்ட இணைப்புகள் கொண்டதைப் பார்க்க வேண்டும். தனி வயலின் அல்லது மெல்லிய குரலை மட்டும் வெளியிட நினைப்பவரும் ஒருமுறை இரவல் வாங்கிச் சோதித்துவிட்டு முடிவெடுக்கட்டும். டிரம்ஸும் ஆம்புகளும் அதிரும் அறையில், ஒரே ஆள் ஒரே பையோடு போய், மறுவாரம் கேசட்டாக வெளியிடக்கூடிய பதிவோடு திரும்ப வேண்டும் என்றால் இதைத் தயங்காமல் வாங்கலாம். இரண்டாம் கையாக வாங்குவதாக இருந்தால், கீழ் இணைப்புகள் இரண்டிலும் வயரைச் செருகி அசைத்துப் பார்த்து, நான்கு சேனல் நிலையில் ஐந்து நிமிடம் பதிவு செய்து, இரண்டு கோப்புகளையும் கேட்ட பிறகே பணத்தைக் கொடுங்கள்.

நிகழ்ச்சி முடிந்து குழுவினர் வயர்களைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது, ஹெட்ஃபோனை டிரம்மரின் காதில் மாட்டி அரங்கத் தடத்தை ஓடவிடுவது எங்கள் வழக்கம். பதிவு செய்வதற்கு முன்பே அனுமதி வாங்கியிருந்தாலும், எந்தப் பாடல்கள் கேசட்டில் வர வேண்டும் என்பதை அவர்களே கேட்டுத்தான் முடிவு செய்கிறார்கள். மறுநாள் இரண்டு கோப்புகளின் பிரதியையும் அவர்களுக்கு அனுப்பிவிடுகிறோம்.