கேமரா மாத்திரைக்கு முன்னால் ஒரு அல்பெண்டசோல்

வாய் வழியாக எண்டோஸ்கோபி பார்த்தாயிற்று, கீழ் வழியாக கொலனோஸ்கோபியும் பார்த்தாயிற்று. இரண்டிலும் ஒன்றுமில்லை. ஆனால் ஹீமோகுளோபின் மட்டும் 6, 7 என்று இறங்கிக்கொண்டே இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. கடலூர், பண்ருட்டி, புதுச்சேரிப் பக்கத்தில் இந்த நிலையில் இருப்பவர்களிடம் கடைசியில் எழுதித் தரப்படுவது கேப்சூல் எண்டோஸ்கோபி. ஜனங்கள் சொல்வது கேமரா மாத்திரை. செலவு சில பத்தாயிரம் ரூபாய். ஒருமுறை விழுங்கினால் அந்த மாத்திரை அதோடு சரி, மறுபடி பயன்படாது. அதனால் அந்தச் சேவை யாருக்குப் பலன் தரும், யாருக்கு வீண், யாருக்கு ஆபத்து என்பதைக் காசு கட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொள்வது நல்லது.

பொருளை முதலில் பார்ப்போம். நீளம் 26 மில்லிமீட்டர், குறுக்களவு 11 மில்லிமீட்டர், எடை நான்கு கிராமுக்கும் குறைவு. பெரிய வைட்டமின் மாத்திரை அளவு. உள்ளே லென்ஸ், சிறு விளக்குகள், பேட்டரி, படத்தை வெளியே அனுப்பும் கருவி. நொடிக்கு இரண்டிலிருந்து ஆறு படம் எடுக்கும். இடுப்பில் கட்டிய பெட்டியில் அவை பதிவாகும். 2001இல் முதன்முதலாக அனுமதி பெற்று வந்தபோது பேட்டரி எட்டு மணி நேரம் தாங்கியது. இப்போது வருபவை 12 மணி நேரம் போகின்றன. முடிவில் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட படங்கள் சேரும். இவ்வளவு பாடு எதற்கு என்றால், சாதாரண எண்டோஸ்கோபி முன்சிறுகுடலின் இரண்டாம் பகுதியோடு நின்றுவிடும். கொலனோஸ்கோபி சிறுகுடலின் கடைசிச் சில சென்டிமீட்டரைத்தான் எட்டும். நடுவே கிடக்கிற ஆறு மீட்டர் சிறுகுடலை வேறு எதுவும் இவ்வளவு சுலபமாக நேரில் காட்டாது.

ரத்தக் கசிவுதான் இந்தக் கருவியின் சொந்த ஊர். சிறுகுடல் சுவரில் சிவந்த புள்ளியாக விரிந்து கிடக்கும் ரத்தக்குழாய்ப் பின்னல், அதாவது ஆஞ்சியோடிஸ்பிளேசியா, சி.டி. ஸ்கேனில் பெரும்பாலும் தெரியாது. இதில் பளிச்சென்று தெரியும். வயதானவர்கள், டயாலிசிஸ் செய்துகொள்பவர்கள், இதயத்தின் அயோர்டிக் வால்வு சுருங்கியவர்கள் ஆகியோரிடம் இது அதிகம். கடைசியாகச் சொன்ன சேர்க்கைக்கு ஹைட் சிண்ட்ரோம் என்று பெயர். சுருங்கிய வால்வின் வழியே ரத்தம் பீறிட்டுப் போகும்போது உறைவதற்கு வேண்டிய வான் வில்லிபிராண்டு புரதம் சிதைகிறது. குடலில் உள்ள சின்னப் புள்ளிகூட நிற்காமல் கசிகிறது. வால்வைச் சரிசெய்தால் பலருக்குக் கசிவு குறையும். குடல் டாக்டர் ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்துக் கேட்டாரா என்பது அதனால் முக்கியமான கேள்வி.

ஒரு நிபந்தனை: கசிவு நடக்கும்போதோ, நின்ற 48 மணி நேரத்துக்குள்ளோ விழுங்கினால்தான் முழுப் பலன். இரண்டு வாரம் கடந்தால் காரணம் அகப்படும் வாய்ப்பு நன்றாகக் குறைகிறது. கறுப்பாக, தார் போல வெளிக்குப் போனது போன தீபாவளிக்கு, கேப்சூல் பொங்கலுக்கு என்றால் பணம் பாதி போச்சு.

இனி தலைப்பில் உள்ள அல்பெண்டசோல், அதாவது பூச்சி மாத்திரை. முந்திரித் தோப்பிலும் நெல் வயலிலும் செருப்பில்லாமல் வேலை செய்பவர்களின் ரத்தசோகைக்குக் கொக்கிப்புழு ஒரு பழைய காரணம். பெரியவர்களிடம் அதை யாரும் இப்போது நினைப்பதில்லை. கேப்சூல் படத்தில் புழு சுவரைக் கவ்விக்கொண்டு நெளிவது தெளிவாகத் தெரியும். ஆனால் அதைக் காண இத்தனை ஆயிரம் செலவழித்திருக்க வேண்டியதில்லை. மூன்று வெவ்வேறு நாளில் மலப் பரிசோதனை, கூடவே 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் ஒரு மாத்திரை, இரும்புச் சத்து, நான்கு வாரம் கழித்து ஹீமோகுளோபின். இந்தச் சுற்று முடியாமல் கேப்சூலுக்கு எழுதித் தந்தால் ஏன் என்று கேளுங்கள். ரத்தம் கொட்டிக்கொண்டிருப்பவருக்கு இந்தக் காத்திருப்பு பொருந்தாது, மெல்லக் கசிபவருக்குத்தான்.

இன்னொரு புழு உண்டு, இன்னும் தந்திரமானது: ஸ்ட்ராங்கிலாய்டஸ். உடலுக்குள்ளேயே பெருகிப் பத்து இருபது ஆண்டு தங்கும். வயிற்றெரிச்சல், விட்டுவிட்டு வயிற்றுப்போக்கு, ரத்தத்தில் ஈசினோபில் என்ற வெள்ளணு கூடுதல். இதைக் குடல் அழற்சி என்று எண்ணி பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு ஆரம்பித்தால் புழு உடலெங்கும் பரவி உயிரையே எடுத்துவிடும். ஸ்டீராய்டு தொடங்குமுன் மலத்திலோ ரத்தத்திலோ இதற்கான சோதனை செய்ய வேண்டும். இருந்தால் எடைக் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம் கணக்கில் ஐவர்மெக்டின், இரண்டு நாள். இதற்கு அல்பெண்டசோல் போதாது.

அடுத்து, மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, எடை குறைவு. இங்கே கேமரா மாத்திரையின் மதிப்பு பாதியாகிறது. அதற்குக் கண் உண்டு, கை இல்லை, திசுவை எடுக்காது. இந்த நோய்களில் முடிவு சொல்வது திசுதான். முன்சிறுகுடலில் நான்கு முதல் ஆறு இடத்தில் பயாப்சி எடுத்தார்களா, வெறுமனே பார்த்துவிட்டு ‘நார்மல்’ என்று எழுதினார்களா என்பதைப் பழைய ரிப்போர்ட்டில் தேடிப் பாருங்கள்.

பயாப்சியில் குடலின் உட்சுவரில் உள்ள ‘விரல்முளைகள் தேய்ந்துள்ளன’ என்று வந்தால் உடனே கோதுமையில் உள்ள குளூட்டன் புரதத்தால் வரும் சீலியாக் நோய் என்று முடிவுகட்டுவது நம் பக்கத்துக்குப் பொருந்தாது. இந்தியாவில் எடுத்த ஒப்பீட்டில் வடக்கே நூற்றுக்கு 1.23 பேருக்கு இருந்த சீலியாக், தெற்கே 0.10 பேருக்குத்தான் இருந்தது. அதே தேய்மானத்தைத் தரும் வேறு காரணங்கள் இங்கே முன்வரிசைக்கு வர வேண்டும். வெப்ப நாடுகளில் வரும், சத்து உறிஞ்சாமல் போகும் குடல் நோயான டிராபிகல் ஸ்ப்ரூ அதில் ஒன்று. பி12, ஃபோலிக் அமிலம் இரண்டும் இறங்கும், ஃபோலிக் அமிலத்தோடு டெட்ராசைக்ளின் மூன்று முதல் ஆறு மாதம் கொடுத்தால் தேறிவிடுவார்கள். ஜியார்டியா என்ற ஒட்டுண்ணி ஒன்று. பிறவியிலேயே நோய் எதிர்ப்புப் புரதம் குறைந்தவர்கள் சிலர்; இம்யூனோகுளோபுலின் அளவைப் பார்த்தால் தெரியும்.

இவற்றைவிடக் கவனத்தில் தப்புவது ஒரு பிரஷர் மாத்திரை. ஓல்மெசார்ட்டான். 2012இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 22 நோயாளிகளைத் தொகுத்து வெளியிட்ட பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. மாத்திரை தொடங்கிச் சில மாதமோ சில ஆண்டோ கழித்து வயிற்றுப்போக்கு ஆரம்பிக்கும். எடை பத்து இருபது கிலோ இறங்கும். பயாப்சி அப்படியே சீலியாக் போல இருக்கும். சீலியாக் ரத்தச் சோதனை மட்டும் நெகட்டிவ். கோதுமையை விட்டாலும் தேறாது. மாத்திரையை நிறுத்தி வேறு வகைக்கு மாற்றினால் தேறும். டாக்டரிடம் போகும்போது மருந்துச் சீட்டை மட்டும் கொண்டுபோகாமல், வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டையையும் பையில் போட்டு எடுத்துப் போங்கள். பெயரைப் படித்தாலே சிலருக்கு நோய் கண்டுபிடித்தாகிவிடும்.

விப்பிள் நோய் மிக அரிது. 1907இல் முதலில் விவரிக்கப்பட்டது. நடுவயது ஆண்களுக்கு அதிகம்; மூட்டுவலிதான் முதலில் வரும், பல ஆண்டு கழித்து வயிற்றுப்போக்கு. கேப்சூலில் மஞ்சளாய் வெளிறிய திட்டுகள் தெரியலாம், ஆனால் பி.ஏ.எஸ். சாயமிட்ட பயாப்சி இல்லாமல் பெயர் சூட்ட முடியாது. காரணம் பாக்டீரியா, ஓராண்டு வரை ஆன்டிபயாட்டிக் எடுத்தால் குணமாகும்.

ஆபத்துக்கு வருவோம். 11 மில்லிமீட்டர் மாத்திரை 8 மில்லிமீட்டர் துவாரத்தில் நுழையாது, அவ்வளவுதான் விஷயம். மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பேருக்கு மாத்திரை உள்ளே சிக்கும். குரோன் நோய் என்ற நாள்பட்ட குடல் அழற்சி ஏற்கெனவே உறுதியானவர்களுக்கு இன்னும் அதிகம். நம் ஊரில் இதோடு குடல் காசநோயைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது குடலைச் சுருக்கும் இயல்புடையது. சாப்பிட்ட ஒரு மணி நேரத்தில் வயிறு உப்பிப் பிசைகிற வலி, குடல் உருளும் சத்தம், வாந்தி வந்தால் வலி தணிவது, முன்பு வயிற்றில் ஆபரேஷன் அல்லது கதிர்வீச்சு, இவற்றில் ஏதாவது இருந்தால் முதலில் சி.டி. என்டரோகிராபி. அதற்கு ஸ்கேனுக்கு முன் முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் சுமார் ஒன்றரை லிட்டர் மானிட்டால் கரைசல் குடித்துக் குடலை விரிக்க வேண்டும். சாதாரண வயிற்று சி.டி. இதற்கு ஈடில்லை.

அந்த சி.டி.யையும் ஏமாற்றுகிற ஒரு காரணம் வலி மாத்திரை. முழங்கால் வலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கி வருடக்கணக்கில் டைக்ளோஃபெனாக் விழுங்குபவர்களின் சிறுகுடலில் மெல்லிய சவ்வு போல வளையங்கள் உண்டாகும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமன், நடுவில் சிறு துளை. ஸ்கேனில் இயல்பான குடல் மடிப்பு போலவே தோன்றும். மாத்திரை போய் அங்கே மாட்டிக்கொண்ட பிறகுதான் நோயே தெரியவரும். இப்படிப்பட்டவர்களுக்கு, தானாகக் கரையும் வெள்ளோட்ட மாத்திரை ஒன்று இருக்கிறது, அளவு அதேதான்; அது முழுசாக வெளியே வந்தால் நிஜ மாத்திரையைத் தைரியமாக விழுங்கலாம். உங்கள் மையத்தில் அது கிடைக்குமா என்று கேட்டுவிடுங்கள். வலி மாத்திரையைப் பரிசோதனைக்கு நான்கு வாரமாவது முன்பே நிறுத்தவும் வேண்டும். எந்த மருந்தும் எடுக்காத நலமானவர்களிலேயே சுமார் பத்தில் ஒருவருக்குச் சின்னச் சின்னப் புண் தெரிவதுண்டு. அதோடு மருந்துப் புண்ணும் சேர்ந்தால் ரிப்போர்ட்டில் ‘குரோன் நோயாக இருக்கலாம்’ என்று வந்து நிற்கும்.

வெறும் வயிற்றுவலி, ரத்தசோகை இல்லை, எடை குறையவில்லை, அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தச் சோதனை சரியாக இருக்கிறது என்றால் இந்தச் செலவு வேண்டாம். அரிய காரணங்கள் இங்கேயும் உண்டு, ஆனால் கேமராவுக்குப் படாதவை. உலோகம் சேர்ந்த பஸ்பம், செந்தூரம் தரமில்லாமல் செய்யப்பட்டதை மாதக்கணக்கில் சாப்பிட்டு ஈயம் ஏறினால் முறுக்கும் வலி, மலச்சிக்கல், ரத்தசோகை மூன்றும் சேரும். ரத்தத்தில் ஈய அளவு பார்த்தால் போதும். போர்ஃபிரியா என்ற அரிய பரம்பரை நோயின் வலியில் சிறுநீரை வெளிச்சத்தில் வைத்தால் கறுத்துச் சிவக்கும்; வலி இருக்கும்போதே எடுத்து, வெளிச்சம் படாமல் சுற்றி அனுப்பி, அதில் போர்ஃபோபிலினோஜென் என்ற பொருளின் அளவைப் பார்க்க வேண்டும். உதடும் கண்ணிமையும் அவ்வப்போது வீங்குகிறவருக்கு வயிறும் வலித்தால் பரம்பரை வீக்க நோயா என்று அறிய ரத்தத்தில் சி4 என்ற புரதத்தின் அளவு. மீன் சாப்பிட்ட சில நாளில் ஒரே இடத்தில் குத்தும் வலியும் காய்ச்சலும் வந்தால் முள் குடலைத் துளைத்திருக்கலாம். கட்டுப்பல் வைத்திருப்பவருக்கு முள் விழுங்கியதே தெரியாது. அதற்கு சி.டி.தான், அதுவும் தாமதிக்காமல்.

தயாரிப்பில் கோட்டை விடுபவர்கள் அதிகம். இரும்பு மாத்திரையை ஏழு நாள் முன்பே நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் குடல் முழுக்கக் கறுப்புப் பூச்சு. முந்தின நாள் மதியம் இட்லி, மோர் சாதம் போல இலேசாக. கீரை, விதையுள்ள காய், பழம் கூடாது. அதன் பிறகு தெளிந்த திரவம் மட்டும்: இளநீர், வடிகட்டிய எலுமிச்சைச் சாறு, பாலில்லாத டீ. ரோஸ் மில்க் போன்ற நிறமுள்ளவை வேண்டாம். மாலை ஆறு மணிக்கு 137.15 கிராம் பாலிஎதிலீன் கிளைக்கால் பவுடர் பாக்கெட்டை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு 250 மில்லியாகக் குடிக்க வேண்டும். குளிரவைத்தால் உப்புக் குமட்டல் குறையும். இரவு பத்து மணிக்கு மேல் ஒன்றும் கூடாது. சர்க்கரைக்கு கிளிமெபிரைடோ இன்சுலினோ எடுப்பவர்கள் அன்றைய அளவை முதலிலேயே டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளவும். பட்டினியில் சர்க்கரை இறங்கி மயங்குவது இந்தப் பரிசோதனையில் நடக்கும் தவிர்க்கக்கூடிய விபத்து.

பத்து ஆண்டுக்கு மேல் சர்க்கரை உள்ளவர்களில் சிலருக்கு இரைப்பை மந்தமாகிவிடும். மாத்திரை அங்கேயே சுற்றிக்கொண்டு நிற்கும், பேட்டரி தீர்ந்துபோகும். விழுங்கி ஒரு மணி நேரத்தில் நேரலைத் திரையில் பார்த்து, இரைப்பையைத் தாண்டாவிட்டால் மருந்து கொடுப்பதோ எண்டோஸ்கோப்பால் தள்ளிவிடுவதோ நல்ல மையத்தின் அடையாளம். விழுங்கவைத்து உடனே வீட்டுக்கு அனுப்புகிற இடம் வேண்டாம். கடலூரிலிருந்து வருபவர்கள் தாண்டிவிட்டது என்று சொன்ன பிறகு பஸ் ஏறலாம். பயணத்தால் கெடுதல் இல்லை. படத்தை வாங்க வயிற்றில் ஒட்டியிருக்கும் சென்சார்கள் நம் வெயிலில் வியர்த்தால் கழன்றுகொள்ளும் என்பதால் தளர்ந்த பருத்திச் சட்டை போடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்துத் தெளிந்த திரவம், நான்கு மணி நேரம் கழித்து இலேசான சாப்பாடு. பெட்டியில் விளக்கு மினுங்குகிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

ரிப்போர்ட் கைக்கு வந்ததும் நான்கு விஷயம் தேடவும். மாத்திரை பெருங்குடலை எட்டியதா. எட்டு மணி பேட்டரியில் நூற்றுக்கு 16 பேர் அளவில் எட்டாமலே போனது. குடல் எவ்வளவு சுத்தமாக இருந்தது. கண்ட புண் எத்தனையாவது நிமிடத்தில், அதாவது மேல்பகுதியிலா கீழ்பகுதியிலா. படங்கள் இணைத்திருக்கிறார்களா. ஐம்பதாயிரம் படத்தைப் படிக்க ஒருவருக்கு முக்கால் மணியாவது வேண்டும், யார் படித்தது என்றும் கேட்கலாம். ஒற்றைக் கட்டியும், சிறுகுடலில் பிறவியிலேயே இருக்கும் மெக்கல் பையும் இதில் தப்பிப்போவதுண்டு. இளம் வயதில் ரத்தமாகப் போய் கேப்சூல் ‘நார்மல்’ என்றால் டெக்னீசியம் மெக்கல் ஸ்கேன் மிச்சம் இருக்கிறது.

புள்ளி கண்டுபிடித்தால் அதைக் கரிக்கவோ பயாப்சி எடுக்கவோ பலூன் என்டரோஸ்கோபி, அதாவது பலூன் உதவியோடு சிறுகுடலுக்குள் ஆழமாகப் போகும் குழாய் தேவை. அந்த வசதி இல்லாத இடத்தில் கேப்சூல் எடுத்தால் சென்னைக்கோ வேலூருக்கோ ரிப்போர்ட்டோடு மட்டுமல்ல, முழு வீடியோவோடும் போக வேண்டும். பென் டிரைவில் கேட்டு வாங்குங்கள். இல்லாவிட்டால் அங்கே மறுபடி ஒரு மாத்திரை விழுங்கச் சொல்லக்கூடும்.

மாத்திரை வெளியே வந்ததைக் கழிவறையில் கவனித்துக்கொண்டால் நல்லது. எடுத்துத் திருப்பித் தர வேண்டியதில்லை. இரண்டு வாரத்தில் கண்ணில் படவில்லை என்றால் வயிற்று எக்ஸ்ரே ஒன்று. அது போய்விட்டது என்று தெரியும்வரை எம்.ஆர்.ஐ. அறைக்குள் நுழையக்கூடாது; வேறு எந்த டாக்டர் எம்.ஆர்.ஐ. எழுதினாலும் மாத்திரை விழுங்கிய தேதியைச் சொல்லிவிட வேண்டும்.